வீட்டோட மாப்பிள்ளை பிடித்த வானம்

கருத்தக்கண்ணன் என்று ஒருவர் உத்தமபாளையத்தில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள், அப்படி யாரும் இல்லை என்று. 'மாப்பிள்ளை' எங்கே என்று கேளுங்கள். கைக்குழந்தைகூட எங்கள் பெரியப்பா வீட்டைப் பார்த்து விரலை நீட்டும். கெங்குவார்பட்டியிலிருந்து அவர் கட்டிக்கொண்டு வந்த கல்யாண வேட்டி கிழிந்து நாளாகிவிட்டது. கூடக் கொண்டுவந்த பெயரும் அதோடு போய்விட்டது.

பெரியப்பா என்றால் சுருளியாண்டி. ஆற்றுப் பக்கமாக இருபோகம் விளைகிற வயல், கொட்டாரம் மாதிரி வீடு, ஒரு அதட்டல் போட்டால் குமுளி மலையில் யானை திரும்பிப் பார்க்கிற குரல். ஆண்பிள்ளை மட்டும் இல்லை. ஒரே மகள் மொக்கம்மாள், எனக்குத் தங்கச்சி. அவளை வெளியூரில் கொடுத்தால் தன் மூச்சு நின்றுவிடும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அதனால் மாப்பிள்ளையை வீட்டோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டார். முப்பத்தாறாம் வருஷம் நடந்த கல்யாணம் அது. பந்தியில் நின்றுகொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சட்டம் போட்டார்.

"மாப்பிள்ள நமக்கு மகன் மாதிரி. என்ன வேணும்னாலும் கேக்கட்டும். பொழுது அடைஞ்சா மட்டும் நம்ம வீட்டு ஓட்டுக்குக் கீழ இருக்கணும். அம்புட்டுத்தான்."

அந்த 'அம்புட்டுத்தான்' எம்புட்டுப் பெரிசு என்று அப்போது மாப்பிள்ளைக்குத் தெரியாது.

ஜெயிலில் போட்டால் சுவரேறிக் குதிக்கலாம். மரியாதைக்குள் போட்டுவிட்டால் எங்கே ஏறுவது? மாப்பிள்ளை கிணற்றடிக்குப் போனால் வேலையாள் அம்மாவாசி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான். வெயிலில் நின்றால் குடை வரும். நிழலில் நின்றால் விசிறி வரும். தும்மினால் உத்தமபாளையத்து வைத்தியர்கள் அத்தனை பேரும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒருநாள் பொழுது போகாமல் மண்வெட்டியைத் தொட்டுவிட்டார். பெரியம்மா போட்ட கூப்பாட்டில் கூரையில் இருந்த புறாவெல்லாம் சின்னமனூருக்குப் பறந்துபோயின.

"ஆத்தாடி! மாப்பிள்ள மம்பட்டியத் தொட்டுட்டாகளே! சோறு போட வக்கில்லாம வேல வாங்குறோம்னு ஊரு பேசாதா? ஏலே அம்மாவாசி, அதப் பிடுங்குடா கையிலருந்து!"

ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் சொந்த ஊருக்கு நடந்தே கிளம்பிவிட்டார். சின்னமனூர் தாண்டுவதற்குள் பின்னால் மணிச்சத்தம். பெரியப்பாவே வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டியக் கட்டியிருப்பம்ல மாப்பிள்ள?"

"கட்டியிருப்பீக மாமா. திருப்பிக் கூட்டியாந்தும் விட்டிருப்பீக."

"பின்ன? விட்டுட்டு வரவா முடியும்?"

மாப்பிள்ளை வண்டியில் ஏறிக்கொண்டார். ஏறுவதற்குக் குனிந்தபோது தலை இடிக்காமல் இருக்கப் பெரியப்பா தன் உள்ளங்கையை மேலே வைத்துப் பிடித்தார். அப்படிப்பட்ட மனுஷரைத் திட்டவும் முடியாது.

தலைத் தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் சைக்கிள் கேட்பார்கள், கடுக்கன் கேட்பார்கள். இவர் போட்டோ எடுக்கிற பெட்டி கேட்டார். மாப்பிள்ளை பெட்டி கேட்கிறார், நிறைய நகை இருக்கும் போலிருக்கிறது என்று தெருவே பேசியது. மதுரையிலிருந்து பெட்டி வந்தது. முதலில் வீட்டில் எல்லாரையும் பிடித்தார். பிறகு மாட்டைப் பிடித்தார். அம்மாவாசியின் பல்லைத் தனியாகப் பிடித்தார். வீட்டுக்குள் பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் பெட்டியை மேலே திருப்பினார்.

மதுரையில் படித்தபோது வாத்தியார் வைத்திருந்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருக்கிறார். வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே புகை. கண்ணுக்குத் தெரியாத புகையாம். பெட்டியின் கண்ணை ரொம்ப நேரம் திறந்து வைத்திருந்தால் கண்ணாடிப் பிளேட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாம். கூரை ஒழுகலில் பானை நிறைகிற மாதிரி. அதற்கு நெபுலா என்று பெயர் சொன்னார். நான் புகை என்றே சொல்லிக்கொண்டேன். அவரும் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கடைத்தெருவில் போட்டோக் கடை வைத்திருந்த மரிய ஜோசப், ராயப்பன்பட்டிக்காரர், இந்த விஷயத்தில் இவருக்குக் கூட்டாளி. அவர்கள் கோயிலில் வேதப் படத்தைச் சுவரில் பெரிசாக்கிக் காட்டுகிற லாந்தர் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் முன்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். பெரிய கண்ணாடி. அகலமாக வானத்தை வாங்கும். அதைப் பெட்டியில் பொருத்தி மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்தார். ஆரம்பித்த முதல் நாளே பெரியம்மா விளக்கோடு வந்து நின்றாள்.

"பனி விழுகுதே மாப்பிள்ள, தலையில ஒண்ணும் போடலயே!"

துண்டை எடுத்து மாப்பிள்ளை தலையில் போட்டாள். பெட்டியைப் பார்த்தாள். அதுவும் மாப்பிள்ளையின் பெட்டிதானே என்று அதன் தலையிலும் ஒரு துண்டைப் போட்டாள். விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். அன்றைக்கு எடுத்த பிளேட்டில் பெரியம்மாவின் முந்தானை மட்டும் நெபுலா மாதிரி விழுந்திருந்தது.

வீட்டுக்குள் ஆகாது என்று அவருக்குத் தெரிந்துபோனது. வெளியே போகவும் வழியில்லை. அந்த நேரத்தில் பெரியப்பாவின் முழங்கால் வந்து உதவியது.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை உண்டு. பெரியாற்றுத் தண்ணீர் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு முறை முறையாக வரும். முறைக்காரர் மடையில் லாந்தரோடு நிற்க வேண்டும். கீழே இருக்கிறவனுக்கு அந்த வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். விளக்கு அணைந்தால் ஆள் தூங்கிவிட்டான் என்று கணக்கு. முறை அடுத்தவனுக்குப் போய்விடும். "முழிச்சுத்தான் இருக்கேன்" என்று வாயால் கத்தினால் செல்லாது. படுத்துக்கொண்டே கத்துகிற ஆட்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. இன்னொன்று, மடையில் நிற்பது அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும். கூலி ஆளுக்கு ஒரு சுருட்டு வாங்கிக் கொடுத்தால் தண்ணீர் திசை மாறிவிடும்.

பெரியப்பாவின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது. வீட்டு ஆள் என்று வேறு ஆண்பிள்ளை கிடையாது. பெரியம்மா அழுதாள். பெரியப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை மட்டும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டு, "நான் போறேன் மாமா" என்றார்.

எங்கள் வயல் அதற்கு அடுத்த கீழ் வயல். அதனால் அவர் செய்த கூத்தையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் நாளே ஒரு பழைய மாட்டுவண்டியைக் கொண்டுவந்து மடையோரத்தில் நிறுத்தினார். அச்சு தெற்கு வடக்காக இருக்கும்படி திருப்பி, கல்லைக் கொடுத்து ஒரு சக்கரம் தரையில் படாமல் தூக்கினார். தேனிப் பக்கம், அடிவானத்துக்குச் சற்று மேலே, துருவ நட்சத்திரம் இருக்கிறதே, அச்சின் வடக்கு முனை அதைப் பார்க்கும்படி கொஞ்சம் உயர்த்தினார்.

"வானம் பூராவும் அந்த ஒத்த நட்சத்திரத்தச் சுத்தித்தான் மச்சான் திரும்புது. இந்தச் சக்கரமும் அதே மாதிரித் திரும்பும். வெள்ளக்காரன் ஊர்ல அது உச்சியில நிக்கும், இரும்புத் தூணு, பல்சக்கரம்னு என்னென்னமோ வேணும். நமக்கு அது தாழ இருக்கு. மாட்டுவண்டியே போதும்."

"மாடு?"

"மாடு எதுக்கு? எங்கயும் போகப்போறதில்லயே."

போட்டோப் பெட்டியை ஆரக்காலோடு சேர்த்துக் கட்டினார். பக்கத்தில் ஒரு சின்னத் தூரக்கண்ணாடி. சக்கரத்தின் ஒரு பக்கம் மணல் மூட்டையைத் தொங்கவிட்டார், அது இழுக்கும். மறுபக்கம் கரும்பு ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய திருகாணி, அது தடுக்கும். தூரக்கண்ணாடியில் குறுக்காகக் கட்டிய இரண்டு மயிரின் நடுவில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்திக்கொண்டு, அது நகர நகரத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்த வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு. இருமினால் போச்சு. கொசு கடித்தால் கடித்தது கடித்தபடி இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கொசு ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு அளவு இருக்கும். வீட்டில் மரியாதைக்குள் கட்டிப்போட்டிருந்த மனுஷர் தன் கண்ணைத் தானே ஒரு நட்சத்திரத்தில் கட்டிப்போட்டுக்கொண்டு இங்கே நின்றார். கேட்டால் இதுதான் சுகம் என்றார்.

விளக்கு ஒரு தொந்தரவு. மடையில் வெளிச்சம் இருக்க வேண்டும், பெட்டிப் பக்கம் இருக்கக்கூடாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பெரிய குடத்தில் ஒரு பக்கம் ஓட்டை போட்டு, லாந்தரை உள்ளே இறக்கி, வாயில் ஒரு தட்டைச் சாய்த்து வைத்தார். ஓட்டை என் வயலைப் பார்த்திருக்கும். நான் என் குடிசையில் உட்கார்ந்து அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதைப் பிடித்தார் என்றால், மாசி மாதம் பொழுது சாய்ந்ததும் உச்சியில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, கலப்பை என்போமே, அதைச் சுற்றித்தான். அங்கே ஒரு பெரிய புகை வளையம் இருக்கிறதாம். ஒரு பிளேட்டில் ஒரு சாண் வானம்தான் அடங்கும். வளையமோ பெரிசு. அதனால் ஆறு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். பிளேட்டின் ஓரத்தில் விழுகிற நட்சத்திரத்துக்கெல்லாம் தலைப்பிரட்டை மாதிரி வால் முளைத்துவிடும். ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு துண்டில் இருக்கிற நட்சத்திரம் அடுத்த துண்டிலும் இருக்கும்படி பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒட்டுவார். ஒரு துண்டு கறுப்பு, ஒரு துண்டு சாம்பல். முதல் இரண்டையும் ஒட்டினபோது ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. மரிய ஜோசப் திரும்பத் திரும்ப அச்செடுத்து நிறம் சேர்த்துக் கொடுத்தார். ஒட்டுவதற்குக் கஞ்சிப் பசை. ஒரு மழைக்காலத்தில் கரப்பான் வந்து கலப்பையின் மேழியைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு பசையில் மயில்துத்தம் கலந்தார்.

எல்லாம் ஒட்டுவதற்கு ஒரு பழைய கதவு. அவர் அறையில் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

தண்ணீர் முறை சாயங்காலம் விழ வேண்டும், நிலா இருக்கக்கூடாது, மேகம் இருக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்து வருவது எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைவிட அபூர்வம். ஒரு வருஷத்துக்கு ஒரு துண்டு கிடைத்தால் பெரிசு. ஐந்து துண்டு சேர்வதற்குள் ஜெர்மன்காரன் சண்டையை ஆரம்பித்து, ஜப்பான்காரனும் சேர்ந்து, நாற்பத்து மூன்றாம் வருஷம் வந்துவிட்டது.

அந்த ஐந்தையும் ஒட்டினபோது நான் போயிருந்தேன். சத்தியமாக வாயைப் பிளந்துவிட்டேன். கறுப்பு வானத்தில் கலப்பைக்குக் கிழக்கே ஒரு புகை வில், மேலேயிருந்து வளைந்து இறங்கி, கீழே வெள்ளை நட்சத்திரத்துக்குப் பக்கமாகத் திரும்புகிறது. மேற்குப் பக்கத்தில் மட்டும் கதவின் மரம் தெரிந்தது.

"இது ஒரே ஒரு துண்டுதான் மச்சான் பாக்கி. இங்கன வந்து மூடுதா, இல்ல தொறந்து கெடக்கான்னு தெரியணும்."

"மூடினா என்ன, தொறந்தா என்ன?"

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் எத்தனையோ வருசமா உள்ளுக்குள்ளயே கெடக்கேன். இங்கிட்டு மல, அங்கிட்டு மல, நடுவுல ஒங்க பெரியப்பா. மேலயும் அப்படித்தான் அடச்சிருக்கான்னு பாக்கணும். வேற ஒண்ணுமில்ல."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்த மாசியில்தான் பெரியப்பா குண்டைப் போட்டார். ஊர்க்கூட்டத்தில் பேசி, அடுத்த முறையிலிருந்து மடைக்கு அம்மாவாசியே நிற்கலாம் என்று சம்மதம் வாங்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"இந்த ஒரு மொறதான் மாப்பிள்ள. அதுக்கப்புறம் நீங்க சேத்துல நிக்க வேண்டியதில்ல. பட்ட கஷ்டம் போதும்."

"எனக்குக் கஷ்டமில்ல மாமா."

"இருக்கும். நீங்க சொல்லமாட்டீக. ஒங்க கொணம் எனக்குத் தெரியாதா?"

மரிய ஜோசப்பிடம் பிளேட்டும் ஒன்றுதான் இருந்தது. சண்டைக்காலம், மதுரையிலேயே கிடைக்கவில்லை. ஒரு முறை, ஒரு பிளேட்டு, ஒரு துண்டு. அன்றைக்குத் தப்பினால் அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பொழுது அடைந்து இருட்டினதும் பெட்டியைத் திறந்துவிட்டார். நான் குடிசையில் உட்கார்ந்து குடத்தின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் பால் பிடிக்கிற பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால் கதிரில் பதர்தான் மிஞ்சும். அதனால் வாய்க்கால் நெடுக ஆளுக்கு ஆள் பேய் மாதிரி முழித்துக்கொண்டிருந்தோம். எனக்கும் கீழே ராக்கையா. தண்ணீர்ச் சட்டம் என்றால் கலெக்டரே அவனிடம் வந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஆள்.

கடைசிப் பிளேட்டு என்று மாப்பிள்ளைக்குப் பதற்றம். துளி வெளிச்சம்கூடப் பெட்டிப் பக்கம் வரக்கூடாது என்று குடத்தின் வாயில் தட்டுக்குப் பதிலாக ஈரத்துணியைச் சுற்றி அடைத்துவிட்டார். அது அடைத்த அடைப்பில் காற்றுக்கும் வழியில்லை. பாதி நேரம்கூட ஆகியிருக்காது. குடத்தின் கண் சிவந்தது, சிமிட்டியது, அணைந்தது.

"மாப்பிள்ள! வெளக்கு போச்சு!" என்று கத்தினேன்.

"தெரியும் மச்சான்!"

"தெரிஞ்சா கொளுத்தும்யா!"

"கண்ண எடுக்க முடியாது! தீக்குச்சி கிழிச்சா பிளேட்டு போச்சு!"

அதற்குள் கீழேயிருந்து ராக்கையா என் பெயரைச் சொல்லிக் கத்தினான். "ஏலே பால்பாண்டி! மேல வெளக்கு அமந்துபோச்சு, பாத்தியா இல்லயா? மடைய நீ மாத்துறியா, நான் வந்து மாத்தவா?"

"ஆளு இருக்காக ராக்கையா! முழிச்சுத்தான் இருக்காக!"

"வாயி எல்லாத்துக்கும் இருக்கு. வெளக்கு எங்க?"

திரும்பிப் பார்க்கிறேன். ராக்கையா தென்னை ஓலையைச் சுருட்டிப் பந்தம் கொளுத்திவிட்டான். ராவணன் ஊரே எரிகிற மாதிரி அந்தப் பந்தம் வரப்பில் ஆடி ஆடி வருகிறது. அவன் மேலே ஏறி வந்தால் வானமும் தெரியாது, வளையமும் தெரியாது, அந்தப் பிளேட்டில் ராக்கையாதான் தெரிவான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனுக்குக் குறுக்கே ஓடினேன்.

"பந்தத்த அமத்துடா!"

"வெளிச்சமில்லாம மடைக்குப் போனா அது திருட்டு. நான் திருடனா?"

இருட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. அந்த மனுஷர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "ராக்கையாண்ணே! தண்ணிய எடுத்துக்கங்க! மொறயப் பூராவும் எடுத்துக்கங்க! வெளிச்சத்த மட்டும் கொண்டாராதீக!"

ராக்கையா நின்றுவிட்டான். பந்தம் அவன் கையில் சடசடத்தது.

"பூராவுமா?"

"பூராவும்!"

"பெரிய வீட்டு நெல்லு பால் பிடிக்குது மாப்பிள்ள. வெளையாட்டா சொல்றீகளா?"

"வெளையாட்டில்ல."

நான் கத்தினேன். "யோவ், பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவீக? எந்திரிச்சு வெளக்கக் கொளுத்துங்க! படம் போனா போகுது!"

தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கண் தூரக்கண்ணாடியில் இருக்கும், விரல் திருகாணியில் இருக்கும். அந்த இரண்டையும் விட்டு அவர் எங்கேயும் நகர முடியாது.

"இது ஒண்ணுதான் மச்சான் நானாக் கேட்டு நிக்கிறது," என்றார். கத்தவில்லை. ஆனாலும் கேட்டது.

ராக்கையா பந்தத்தை வாய்க்காலில் முக்கினான். சொய்ங் என்றது. முறைப்படி என் வயல்தான் அடுத்தது. நான் வேண்டாம் என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ராக்கையா பூனை மாதிரி இருட்டில் தடவித் தடவி மேலே போய், மடையைத் திருப்பி, தண்ணீரைத் தன் வயலுக்கு இறக்கிக்கொண்டான். போகும்போது, "என்ன எழவோ, நல்லா எடும்யா," என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனான்.

விடிந்ததும் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வேகத்தைவிடச் சேதி ஓடுகிற வேகம் அதிகம். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. யானை திரும்பிப் பார்க்கிற குரல் இன்றைக்குப் புலியையே கொன்றுவிடும் என்று நானும் வாசலில் நின்றேன்.

உள்ளே சத்தமே இல்லை. பெரியப்பா வெளியே வந்து எல்லாரையும் பார்த்தார். "மாப்பிள்ளய யாரும் ஒரு வார்த்த கேக்கப்படாது. ஒடம்புக்கு முடியல. நாமதான் அவுகளப் பனியில அனுப்பித் தப்புப் பண்ணிட்டோம்."

மாப்பிள்ளை அவர் பின்னாலேயே வந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மாமா. வேணும்னுதான் விட்டேன். திட்டுங்க. ஒரு வார்த்த திட்டுங்க."

"நீங்க போய்ப் படுங்க மாப்பிள்ள," என்றார் பெரியப்பா.

அறுவடையில் பாதி வயல் பதர். பதரைத் தூற்றும்போது மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது என்று களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பாயைக் கட்டச் சொன்னார் பெரியப்பா. அடித்திருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். அந்தப் பாயைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றதும் மூன்று வைத்தியர் வந்தார்கள்.

பிளேட்டை நான்தான் கறுப்புத் துணியில் சுற்றி மரிய ஜோசப்பிடம் கொண்டுபோனேன். மாப்பிள்ளை வாசல் தாண்ட வழியில்லை. மரிய ஜோசப் இருட்டறையிலிருந்து கழுவி எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் தொங்கிப்போனது.

"ஒண்ணுமில்லயேய்யா. வெறும் நட்சத்திரம்தான் கெடக்கு. பழைய பிளேட்டு, செத்துப்போச்சு போல."

அச்செடுத்ததை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி போனேன். மாப்பிள்ளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஐந்தாம் துண்டின் ஓரத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். மொக்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஊசிமுனை மாதிரி நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். இந்தத் துண்டில் இருந்ததெல்லாம் அந்தத் துண்டிலும் இருந்தது. அதில் இருந்த ஆகச் சின்னப் பொட்டுகூட இதில் தப்பவில்லை.

"பிளேட்டு சாகல," என்றார். "எல்லாம் விழுந்திருக்கு. புகைதான் இல்ல. மச்சான், அங்கன ஒண்ணுமே இல்ல! மூடல!"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாதி வயல் நெல்லைக் கொடுத்து ஒண்ணுமில்லை என்பதை வாங்கிக்கொண்டு சிரிக்கிற மனுஷரை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு எங்கே பார்ப்பீர்கள்? மயில்துத்தம் போட்ட பசையை மொக்கம்மாள்தான் கலக்கிக் கொடுத்தாள். ஒட்டி முடித்ததும் கதவு நிறைய வானம் நின்றது. கிழக்கே புகை வில், மேற்கே வெட்டவெளி.

"இந்தப் பக்கம் தாண்டிப் போனா என்ன இருக்கும்?" என்று மொக்கம்மாள் கேட்டாள். அவள் விரல் கதவைத் தாண்டிச் சுண்ணாம்புச் சுவருக்குப் போய்விட்டது.

"தெரியல புள்ள. அதுக்கு இன்னும் நாலு கதவு வேணும்."

பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு பார்க்க வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தூர நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ள. வேலி சுத்திப் போட்டிருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏன் தொறந்து கெடக்கு? மாடு போயிராது?"

"அது அப்படித்தான் மாமா இருக்கு."

"இருக்கப்படாதே," என்றார் பெரியப்பா. அவருக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தார். மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பை அவரும் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. புரிந்தது எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"இன்னும் வேணும்னா எடுங்க மாப்பிள்ள. சண்ட முடியட்டும், பிளேட்டு மூட்ட மூட்டயா வாங்கித் தாரேன். வெளிய மட்டும் போகவேணாம். வீட்டுக்குள்ள இருந்தே எடுங்க."

"வீட்டுக்குள்ள வானம் இல்லயே மாமா."

"அம்புட்டுத்தானா?"

மறுநாளே ஆட்கள் வந்து மாப்பிள்ளை அறையின் கூரையில் ஒரு பாய் அகலத்துக்கு ஓட்டைப் பிரித்தார்கள். வானம் வந்துவிட்டது. பெரியம்மாவுக்குப் பயம், அந்த வழியாகத் திருடன் இறங்குவான், மரநாய் இறங்கும் என்று. கொல்லனைக் கூட்டிவந்து குறுக்கே இரும்புக் கம்பி அடித்தார்கள். மழைக்கு மூடுவதற்கு ஒரு தகரம். அதை இழுப்பதற்கு அம்மாவாசி.

சண்டை முடிந்து பிளேட்டு வந்ததா, பெரியப்பா சொன்னபடி மூட்டை வந்ததா என்று கேட்காதீர்கள். பெட்டியைக் கட்டுவதற்கு அந்த அறைக்குள் வண்டிச் சக்கரம் நுழையாது. சக்கரத்தை உருட்டிக்கொண்டு மடைக்குப் போகவும் விடமாட்டார்கள். மாப்பிள்ளை கட்டிலை அந்தக் கம்பிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார். தை, மாசி வந்தால் நான் விளக்கு வைத்ததும் போய்த் தரையில் படுத்துக்கொள்வேன். கலப்பை சரியாக எங்கள் உச்சி வழியாகத்தான் போகும். கம்பிக்கு நடுவில் ஒவ்வொரு நட்சத்திரமாக வரும், போகும்.

"இப்ப பாருங்க மச்சான்," என்பார் மாப்பிள்ளை. "மேக்குப் பக்கம்தான் மொதல்ல வருது. அங்கனதான் தொறந்து கெடக்கு."

என் கண்ணுக்குக் கம்பிதான் தெரியும். ஆமாம் என்பேன்.